கேம்பிங் அடுப்புக்குப் பாத்திரம்: நாலு மாற்றி ஒன்றில் நின்றேன்

அடுப்பு வாங்கும்போது பாத்திரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எத்தனை கிராம், மடக்கினால் உள்ளங்கையில் அடங்குமா, தானே பற்றிக்கொள்ளும் பொத்தான் இருக்கிறதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கேஸ் கேனிஸ்டரின் (கேஸ் அடைத்து வரும் சின்ன டப்பா) தலையில் திருகி மாட்டும் சின்ன அடுப்பு ஒன்றை வாங்கினேன். பாத்திரம்தானே, வீட்டில் இல்லாததா என்ற நினைப்பு. அந்த நினைப்பு முதல் ராத்திரியே சூப்போடு சேர்ந்து மண்ணில் கொட்டியது.

வீட்டிலிருந்து எடுத்துப் போனது நீளக் கைப்பிடி வைத்த எவர்சில்வர் பாத்திரம். முக்கால்வாசி சூப் இருந்தவரை ஆடாமல் அசையாமல் நின்றது. கொதித்ததும் ஒரு கப்பில் ஊற்றிக்கொண்டு, மீதி ஆறிவிடக் கூடாதே என்று திரும்ப அடுப்பில் வைத்துக் கையை எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் கைப்பிடிப் பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்தது. உள்ளே கனம் குறைந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியின் கனம் ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டு அடுப்பில் அது இத்தனை வருஷமாகக் கவிழாமல் இருந்தது பாத்திரத்தின் சமத்தால் இல்லை, கீழே இருந்த அகலமான தாங்கியால் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நல்லவேளை, காலில் கொட்டவில்லை.

அதற்கப்புறம் மூன்று பாத்திரங்கள் வாங்கிப் பார்த்தேன். ஒன்று அலமாரியில் தூங்குகிறது, ஒன்றைத் திருப்பி அனுப்பினேன், ஒன்று இப்போது எங்கே போனாலும் கூட வருகிறது. இந்த மூன்றையும் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் அதற்கு முன்னால் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாத்திரத்தின் அளவை முடிவு செய்வது அடுப்புதான். கடையில் எல்லாமே லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். 750 மில்லி, 900 மில்லி, 1.3 லிட்டர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடி எத்தனை சென்டிமீட்டர் என்பது எங்கேயோ மூலையில், பொடி எழுத்தில், சில சமயம் அதுவும் இல்லாமல் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான்.

என் அடுப்பு வகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கீழே கேனிஸ்டர், அதன் மேல் திருகு, திருகுக்கு மேல் ஒரு பர்னர், பர்னரைச் சுற்றி மடக்கி விரிக்கும் மூன்று தாங்கிகள். எம்.எஸ்.ஆர். பாக்கெட்ராக்கெட் 2 இந்த ஜாதிதான், வெறும் 73 கிராம். பி.ஆர்.எஸ். 3000டி அதைவிடச் சின்னது, 25 கிராம். கனம் குறையக் குறையத் தாங்கியும் குட்டையாகிக்கொண்டே போகும் என்பதைக் கவனியுங்கள், அட்டைப் பெட்டியில் அதை யாரும் பெருமையாக அச்சடிப்பதில்லை. இப்போது மொத்தத்தையும் அடுக்கிப் பாருங்கள்: 100 கிராம் கேஸ் பிடிக்கும் கேனிஸ்டரின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ., அதுதான் அஸ்திவாரம். அதற்கு மேல் கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில் 1 லிட்டர் தண்ணீர், அதாவது 1 கிலோ, பாத்திரத்தின் கனம் தனி. தரை கொஞ்சம் சரிந்திருந்தால் போதும். 220, 230 கிராம் கேனிஸ்டர் 11 செ.மீ. அகலம் இருக்கும் என்பதால் அது கொஞ்சம் தேவலாம். கேனிஸ்டருக்கு அடியில் மாட்டும் மூன்று கால் பிளாஸ்டிக் ஸ்டாண்டும் கிடைக்கிறது. அது அழகுக்கு என்று நினைத்து நான் முதலில் வாங்கவில்லை, சூப்புக்கு அப்புறம் வாங்கினேன்.

அளப்பதற்கு ஒரு சுலபமான வழி. அடுப்பைக் கேனிஸ்டரிலிருந்து கழற்றி, தாங்கிகளை முழுக்க விரித்து, ஒரு காகிதத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூன்று நுனிகளும் காகிதத்தில் தொடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து, மூன்றையும் தொட்டுப் போகிற மாதிரி ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸ் எல்லாம் தேவையில்லை, ஒரு தட்டோ மூடியோ சரியாகப் பொருந்தும் வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் போதும். என் அடுப்புக்கு அது 12 செ.மீ. வட்டம். அதற்குள்ளேயே பர்னர் தலையின் வட்டத்தையும் போட்டுக்கொண்டேன், அது 4 செ.மீ. சொச்சம். இந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

முதலில் வாங்கியது, எல்லோரும் வாங்குவது போல, ஒல்லியான டைட்டானியப் பாத்திரம். (அப்போது என்னிடம் காகிதம் இல்லை.) டோக்ஸ் 750 மில்லி என்று ஒன்று ரொம்பப் பிரபலம், விட்டம் 95 மி.மீ., உயரம் 110 மி.மீ. நான் வாங்கியதும் ஏறத்தாழ அதே அளவுதான், பாத்திரம் என்று சொல்வதைவிடப் பெரிய டம்ளர் என்று சொல்லலாம். கையில் எடுத்தால் காற்றை எடுத்த மாதிரி இருக்கும். சின்னக் கேனிஸ்டர் அதற்குள் கச்சிதமாக உட்காரும், அதன் மேல் மடக்கிய அடுப்பு, மூடி, முடிந்தது கதை. பையில் வைக்க இதைவிட அழகான பொருள் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுப்பில் வைத்ததும் அழகு போய்விட்டது. தாங்கிகள் பாத்திரத்துக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் கவிழாது, அது நல்லதுதான். ஆனால் தீயைக் கொஞ்சம் கூட்டினால் அடியில் பட்டு விரிகிற ஜுவாலை விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி, மடக்குக் கைப்பிடியை நக்குகிறது. கைப்பிடியில் போட்டிருந்த சிலிகான் உறை இரண்டாவது தடவையிலேயே கருகி நாற்றம் அடித்தது. சமையலறைத் தராசில் கேனிஸ்டரை முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் தண்ணீருக்கு முழுத் தீயில் 9 கிராம் கேஸ் குடித்தது. தீயைப் பாதியாகக் குறைத்து வைத்தால் 7 கிராம், நேரம் மட்டும் கூடுதல். அதாவது ஒல்லிப் பாத்திரத்தில் அவசரப்பட்டால் கேஸ் ஆகாயத்துக்குப் போகிறது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டுகிறேன், பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 335 கிலோஜூல் வேண்டும். பியூட்டேன், புரொப்பேன் கலந்த கேஸ் 1 கிராம் எரிந்தால் சுமார் 46 கிலோஜூல் கிடைக்கும். சூடு ஒரு பொட்டுக்கூட வீணாகாமல் இருந்தால் 7 கிராம் சொச்சத்தில் வேலை முடிந்திருக்க வேண்டும். நிஜத்தில் நல்ல பாத்திரம் வைத்து, காற்று இல்லாத இடத்தில் கொதிக்க வைத்தாலே 12, 14 கிராம் ஆகும். மீதி எங்கே போகிறது என்றால் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி மேலே போகிறது. அடி அகலமாக இருந்தால் சூடான காற்று அதை உரசிக்கொண்டே வெளியேற வேண்டியிருக்கும், போகிற போக்கில் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒல்லிப் பாத்திரத்தில் உரசுவதற்கு இடமே இல்லை.

அது தவிர அந்த டைட்டானியத்தில் தண்ணீரைத் தவிர எதையும் வைக்க முடியவில்லை. ஓட்ஸ் போட்டேன், நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், ஓரத்தில் வேகாத ஓட்ஸ். டைட்டானியம் சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. அலுமினியம் அதைப் போலப் பத்து மடங்கு நன்றாகக் கடத்தும். எவர்சில்வரும் டைட்டானியம் மாதிரித்தான், ஆனால் அதில் பாத்திரம் கொஞ்சம் தடிமனாக வரும், சூடு பரவ அவகாசம் கிடைக்கும். டைட்டானியத்தைக் காகிதம் மாதிரி மெல்லியதாக அடித்துவிடுகிறார்கள், அதனால் பர்னர் எங்கே சுடுகிறதோ அங்கே மட்டும்தான் சுடும். இன்னொன்று, டைட்டானியம்தான் எல்லாவற்றிலும் லேசு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒரே அளவு கட்டியாக எடுத்தால் அலுமினியம்தான் லேசு. டைட்டானியம் உறுதியானது, மெல்லிசாக அடித்தாலும் நசுங்காது, அதனால் பாத்திரமாக வரும்போது லேசாகிறது. வெறும் வெந்நீர் மட்டும் போதும், பொட்டலத்தைப் பிரித்து ஊற்றிக்கொள்வேன் என்பவர்களுக்கு அந்த டம்ளர் நல்ல பொருள். எனக்கு இல்லை, அலமாரிக்குப் போய்விட்டது.

இரண்டாவது, அடியில் அலுமினியச் செதில்கள் வளையமாக ஒட்டியிருக்குமே, அந்த வகைப் பாத்திரம். ஜெட்பாயில் மாதிரி அடுப்பும் பாத்திரமும் ஒரே ஜோடியாக வருகிறவற்றில் இந்தச் செதில் வேலையைக் காட்டும், சூட்டை அப்படியே வழித்து உள்ளே அனுப்பும், காற்றடித்தாலும் கேஸ் மிச்சம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தப்பு, ஜோடியில் பாதியை மட்டும் வாங்கியது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியின் தனிப் பாத்திரம், எல்லா அடுப்புக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. என் அடுப்பில் வைத்தால் தாங்கியின் நுனி செதில்களுக்கு நடுவே போய் உட்காருகிறது, அதுவும் மூன்றில் இரண்டு மட்டும். கொஞ்சம் திருப்பினால் மூன்றும் செதிலின் மேல் ஏறி நிற்கும், அப்போது பாத்திரம் வழுக்குகிறது. விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன், சறுக்கி ஓரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாளில் நாலைந்து செதில்கள் மடங்கியும் போயின.

இதில் கவிழ்வதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. செதில் வளையம் தாங்கிகளுக்கு நடுவே இறங்கிவிட்டால் பாத்திரத்தின் அடி பர்னருக்கு மிக அருகில் வந்துவிடும். ஜுவாலை முழுசாக எரிந்து முடிவதற்குள் சில்லென்ற உலோகத்தில் மோதினால் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வரும். அதற்கு வாசனையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஜோடியாக வருகிற அடுப்புகளில் அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், நாம் கலந்து கட்டும்போது அந்தக் கணக்கு போய்விடுகிறது. எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் வைத்து எரிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். திருப்பி அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள், மடங்கிய செதிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவதாக வாங்கியதுதான், வீட்டுப் பாத்திரத்தையும் சேர்த்தால் நாலாவது, இன்றைக்கும் நிற்கிறது. அடியில் கம்பெனிப் பெயர்கூட இல்லாத, கறுப்பு நிற ஹார்டு அனோடைஸ்டு (மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய) அலுமினியப் பாத்திரம். கடையில் பத்துப் பன்னிரண்டு பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து என் காகிதத்தை ஒவ்வொன்றின் மேலும் விரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அடி 14 செ.மீ., உயரம் 8 செ.மீ. 1 லிட்டர் என்று போட்டிருந்தார்கள், வழிய வழிய ஊற்றினால் 1.2 லிட்டர் பிடிக்கிறது, ஆனால் கொதிக்கிற பாத்திரத்தில் முக்காலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் எனக்கு அது 900 மில்லி பாத்திரம். மூடி, கைப்பிடி எல்லாம் சேர்த்து 180 கிராம். டைட்டானிய டம்ளரைவிட கனம்தான்.

12 செ.மீ. வட்டத் தாங்கியில் 14 செ.மீ. அடி, அதாவது சுற்றிலும் 1 செ.மீ. வெளியே. இதுதான் எனக்குச் சரியாக வந்த அளவு. ஜுவாலை விளிம்பைத் தாண்டுவதில்லை, மூன்று நுனியும் அடியின் தட்டையான பகுதியிலேயே நிற்கின்றன. இங்கே ஒரு விஷயத்தை நேரில்தான் பார்க்க முடியும்: பல பாத்திரங்களில் அடியும் சுவரும் சேரும் இடம் வளைந்திருக்கும், வாய் 14 இருக்கும், தட்டையான அடி 11தான் இருக்கும். தாங்கியின் நுனி அந்த வளைவில் பட்டால் பாத்திரம் தொட்டில் மாதிரி ஆடும். வலைத்தளத்தில் போட்டிருக்கிற விட்டம் பெரும்பாலும் வாயின் விட்டம், அதை நம்பி ஆர்டர் போடாதீர்கள். அடி உட்பக்கம் சற்றுக் குழிந்திருந்தால் பரவாயில்லை, வெளிப்பக்கம் புடைத்திருந்தால் வேண்டாம். அடியில் வட்ட வட்டமாகக் கோடு கீறியிருந்தால் நல்லது, தாங்கியின் பல் அதைக் கவ்விக்கொள்ளும். வழவழ அடி என்றால் கிளறும்போதெல்லாம் ஊர்ந்துகொண்டே போகும்.

அதே தராசு, அதே குழாய்த் தண்ணீர், அரை லிட்டர். 6 கிராமில் கொதித்துவிட்டது. மூன்று தடவை செய்தேன், அப்படித்தான் வந்தது. பாத்திரத்தில் 80 கிராம் கனம் கூடுதலாகச் சுமக்கிறேன் என்றால், கேஸில் ஒவ்வொரு அரை லிட்டருக்கும் 3 கிராம் திரும்பி வருகிறது. ஒன்பது பத்து நாள் பயணத்தில் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை அடுப்பு மூட்டுகிறவர்களுக்குக் கணக்கு நேராகிவிடும். ஒரு ராத்திரிக்கு மட்டும் போகிறவர்களுக்கு நேராகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ் அடிப்பிடிக்கவில்லை. முட்டைகூடப் பொரித்தேன், நடுவில் கொஞ்சம் வேகமாக வெந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் இன்னும் அகலமாக, 20, 22 செ.மீ. வாங்கினால் இன்னும் நல்லதா என்று கேட்டால், இந்த வகை அடுப்புக்குக் கூடவே கூடாது. ஒன்று, கவிழும். இரண்டு, அகலமான அடி குடை மாதிரி சூட்டைக் கீழே மடக்கி அனுப்பும், கீழே இருப்பது கேனிஸ்டர். கேனிஸ்டரை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அதோடு காற்று அடிக்கிறதே என்று அலுமினியத் தகட்டைச் சுற்றிலும் முழு வட்டமாகக் கட்டிவிட்டால் ஆபத்து இரண்டு மடங்கு, கேனிஸ்டர் வெடிக்கவே வாய்ப்பு உண்டு. அடிக்கடி கேனிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே கேஸ் ஆவியாவதால் அது சில்லென்று இருப்பதுதான் இயல்பு. வெதுவெதுப்பாக ஆரம்பித்தாலே தீயைக் குறையுங்கள், கை வைக்க யோசிக்கிற அளவுக்குச் சுட்டால் அணைத்துவிடுங்கள். ஐந்தாறு பேருக்குச் சமைக்க வேண்டும் என்றால் கேனிஸ்டர் தள்ளி இருந்து குழாய் வழியாகக் கேஸ் வருகிற தாழ்வான அடுப்புக்குப் போய்விடுங்கள், அதில் தாங்கியும் அகலம், காற்றுத் தடுப்பும் கட்டலாம்.

மேஜையில் வைக்கும் கேசட் அடுப்புக்கும் இதே எச்சரிக்கைதான், அங்கே டப்பா பக்கவாட்டு அறையில் படுத்திருக்கும். பெரிய தோசைக்கல் மாதிரி ஒன்றை வைத்து அந்த அறையின் மூடியை மறைத்தால் டப்பா சூடாகும். பாத்திரம் அந்த அறைக்கு மேல் நீட்டவே கூடாது. மற்றபடி அதில் வீட்டுப் பாத்திரமே போதும், இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

எனக்கு அளவெடுக்கவெல்லாம் பொறுமை இல்லை என்பவர்கள் டிராங்கியாவைப் பாருங்கள். ஸ்வீடன் கம்பெனி, 1951லிருந்து அதே யோசனையில் அடுப்பும் காற்றுத் தடுப்பும் பாத்திரமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி செய்து வருகிறார்கள். 27 என்ற சின்ன செட்டில் 1 லிட்டர் பாத்திரங்கள் இரண்டு, 18 செ.மீ. வாணலி ஒன்று. 25 என்பது பெரியது. ஸ்பிரிட்டில் எரியும், மெதுவாகத்தான் கொதிக்கும், கனமும் அதிகம், ஆனால் கவிழ்ப்பது கஷ்டம். ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அதில் பாத்திரத்துக்குக் கைப்பிடியே கிடையாது, தனியாக ஓர் இடுக்கி வரும். யோசித்துப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். அடுப்பில் இருக்கும்போது ஒரு பக்கம் இழுக்க எதுவும் இல்லை, என் சூப்பு கொட்டியிருக்காது.

பழையபடி என் கறுப்புப் பாத்திரத்துக்கு வருகிறேன். பையில் வைக்கும்போது 100 கிராம் கேனிஸ்டர் உள்ளே போகிறது, பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் லைட்டரும் துடைக்கிற துணியும். அடுப்பு தனி உறையில். கேனிஸ்டரைக் கவிழ்த்து வைத்தால்தான் மூடி சரியாக மூடுகிறது. ஈரத்தோடு வைத்துவிட்டேன் ஒருமுறை, கேனிஸ்டரின் விளிம்பிலிருந்த துரு பாத்திரத்தின் உள்ளே வட்டமாக ஒட்டிக்கொண்டது, தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. இப்போது துணியை நடுவில் போட்டுவிடுகிறேன், கடகடவென்று சத்தமும் வருவதில்லை. உள்ளே நான்ஸ்டிக் பூச்சு இல்லாததைக் குறையாகச் சொல்வார்கள், நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட்டுப்போக ஆரம்பிக்கும், சின்ன பர்னரின் ஜுவாலை ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும்போது காலிப் பாத்திரம் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது மூடிக்காக. மூடியில் நீராவி போக ஓட்டையே இல்லை, கொதி வந்ததும் மூடி தடதடவென்று ஆடி ஓரத்தில் நுரை தள்ளுகிறது, பிளாஸ்டிக் குமிழ் வேறு மூன்றாவது பயணத்தில் உருகி ஒரு பக்கம் தொங்கிவிட்டது. குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தத் திருகு ஓட்டைக்கு மேலே பாட்டில் கார்க் ஒன்றைத் திருகி வைத்தேன். பக்கத்தில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டேன், ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இப்போது அது வழியாகத்தான் விசில் மாதிரி ஆவி வருகிறது.